மேலிடத்துக்கு ஒரு பொட்டலம்

அழகையா துணிப்பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் பத்திரிகைத் தாளில் மடித்துச் சணல் நூலால் இறுகக் கட்டியவை. ஒன்றை மார்ஜரியின் பக்கம் தள்ளினார்.

“வீட்டுக் கொடியில காய்ச்ச மிளகு, டீச்சரம்மா. இது ஒங்களுக்கு.”

மற்றதைத் தள்ளவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து மார்ஜரி பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இது பைல் பாக்குற ஐயாவுக்கு. அடுத்த தரம் அனுப்பும்போது சேத்து அனுப்பிடுங்க.”

“எந்த ஐயா?”

“போஸத் தேடிக்கிட்டு இருக்காரே, மேலிடத்துல. பேரு தெரியாது. நீங்க எழுதி அனுப்புறதெல்லாம் அவருதானே பாக்குறாரு.”

மார்ஜரிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அப்படி ஓர் ஐயாவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ‘உண்மையைச் சொல்’ என்று அதட்டியவள், இரண்டு பொட்டலங்களையும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். சந்திப்பு அட்டையில் அடுத்த வியாழக்கிழமையின் தேதியை எழுதி, முத்திரை குத்தி, நீட்டினாள். அழகையா அட்டையைப் பொலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாத்தளை நகரத்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளைச் சுண்ணாம்பு அடித்து ஆலோசனை நிலையமாக்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்டியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சிஸ்டர் லூசியாதான் மார்ஜரியைப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தவர். ஒன்பது மாதப் பயிற்சி. எதிரே இருப்பவர் அழுதால் தடுக்காதே, மௌனமாக இருந்தால் நிரப்பாதே, புத்தி சொல்லாதே. டீச்சராக இருந்த ஒருத்திக்கு அந்தக் கடைசிப் பாடம் மட்டும் லேசில் வரவில்லை. பரவாயில்லை, கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதில் உள்ளூரப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் சாலிஹ் நானாவின் கடையில் சொல்லி நிலையத்துக்கென்று வட்டமாக ஒரு முத்திரை செய்வித்தாள். முத்திரை தேவையா என்று யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருக்கலாம்.

அழகையா முதலில் வந்தபோது அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலையிலிருந்து ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். ஒரே மகன் சந்திரபோஸ் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தவன். தொண்ணூற்றேழாம் ஆண்டு கார்த்திகையில் அவன் தங்கியிருந்த அறையைச் சுற்றி வளைத்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு பேர் திரும்பி வந்தார்கள். போஸ் என்று ஒருவனை நாங்கள் பிடிக்கவேயில்லை என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அழகையா ஏறாத படி இல்லை. அதன்பிறகு ஏறுவதை விட்டார், சாப்பிடுவதை விட்டார், தோட்டத்து லயத்து வீட்டுக் கதவைத் திறப்பதையும் விட்டார். புல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் ஒன்று அவருடைய கட்டிலுக்கடியில் இருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், ஓடிப்போய்த் தோட்டத்து டிஸ்பென்சரிக்காரரிடம் சொன்னாள். அவர் வந்து போத்தலை வாங்கிக்கொண்டு, டவுனில் ஒரு டீச்சர் இருக்கிறார், போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார் என்று அனுப்பி வைத்தார்.

மார்ஜரியும் எழுதிக்கொண்டாள். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை, இடது புருவத்துத் தழும்பு. முதல் நாளில் பேச்சை எங்காவது தொடங்க வேண்டுமே என்று கேட்டவைதான் அவ்வளவும். அழகையா ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முடிந்ததும் மார்ஜரி வழக்கம்போல அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அடுத்த வியாழன் தவறாமல் வந்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். அதிகம் பேசமாட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மகனைப் பற்றிப் புதிதாக ஞாபகம் வந்த ஒன்றைச் சொல்வார், எழுதிக்கொண்டாளா என்று பார்ப்பார், போய்விடுவார். மூன்றாம் மாதம் சவரம் செய்துகொண்டு வந்தார். ஐந்தாம் மாதம் மிளகுக் கொடியைத் தூக்கிக் கட்டியதாகச் சொன்னார். சிஸ்டர் லூசியா குறிப்புகளைப் படித்துவிட்டு, “நல்லாக் கேட்டிருக்கீங்க மார்ஜரி, கேக்குறது ஒரு வரம்” என்றபோது, மார்ஜரி அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனாள்.

இப்போது பார்த்தால் கேட்டலாவது, வரமாவது. மனிதரை எழுப்பி உட்கார வைத்தது சாலிஹ் நானா செய்த ரப்பர் முத்திரை. அட்டையில் தேதி இருக்கிறது, வட்ட முத்திரை இருக்கிறது, விபரமெல்லாம் எழுதுகிறார்கள், பூட்டுப் போட்ட அலமாரி இருக்கிறது. அரசாங்கக் கச்சேரியில் வேறென்ன இருக்கும்? வருகிற வியாழக்கிழமைகளில் ஒன்றில் பதில் வந்துவிடும் என்று அவர் வந்துகொண்டிருந்திருக்கிறார். போதாக்குறைக்கு இந்த மாசியில் சண்டை நின்று, சித்திரையில் தம்புள்ளை தாண்டி வடக்கே போகும் பாதையும் திறந்துவிட்டது. எந்தச் சிறையில் யாரைக் கண்டோம் என்று பஸ்ஸுக்கு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவளுக்கு நீண்டுகொண்டே போனது. வீட்டில் அவள் ஒருத்திதான். கணவர் ஹெர்பர்ட் இறந்து ஆறு வருடம். மகள் இத்தாலியில், ஞாயிறு பூசை முடிந்து வந்தால் தொலைபேசி அடிக்கும், சில ஞாயிறுகளில் அடிக்காது. சமைத்ததை இரண்டு வேளைக்குப் பிரித்து வைத்துக்கொண்டு, வானொலியைப் போட்டுவிட்டு, அதோடு பேசாமல் இருக்கப் பழகியிருந்தாள். நிலையத்துக்கு வருகிற மற்றவர்கள் இரண்டு தரம் வருவார்கள், மூன்றாம் தரம் ஆள் இருக்காது. பெயர் சொல்லி, நேரம் சொல்லி, மழையானாலும் அவளைத் தேடி வந்த ஒரே ஆள் அழகையாதான். புதன்கிழமை பின்னேரங்களில் அவள் இஞ்சி பிஸ்கட் வாங்கி வைப்பாள். ஏன் வாங்குகிறோம் என்று இத்தனை நாளும் யோசித்ததில்லை. இந்தப் புதன்கிழமை கடை வாசலில் நின்று யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அவர் வரமாட்டார். அவருக்கு என்ன ஆகும் என்ற பயத்துக்கு அடியில், எனக்கு என்ன ஆகும் என்ற பயமும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை சிஸ்டர் லூசியா வந்தபோதே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நம்பிக்கை இல்லாம யாரும் குணமாக மாட்டாங்கன்னு நானே ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்” என்றார். “ஆனா இது நம்ம மேல வச்ச நம்பிக்கையும் இல்ல, அவரு மேல அவரே வச்சதும் இல்ல. இல்லாத ஆபீஸ் மேல வச்சது. அது என்னைக்காவது விழத்தான் போகுது. தனியா இருக்கிறப்ப விழுந்தா யாரு புடிக்கிறது?”

“நான் சொல்லி விழுந்தா மட்டும்?”

“அப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்க.”

சிஸ்டருக்கென்ன, சொல்லிவிட்டுக் கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. அழகையா குடையை வாசலில் சாய்த்து வைத்து, காலைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடிக்கும்வரை பொறுத்திருந்து, லாச்சியைத் திறந்து அந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அனுப்பலையா?” என்றார்.

“அனுப்புறதுக்கு ஆளில்லண்ணே.” எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நேரத்துக்குக் காலை வாரிவிட்டன. “மேலிடம்னு ஒண்ணு இல்ல. இது கோயில் நடத்துற எடம். மனசு கஷ்டம் உள்ளவங்க வந்து பேசுவாங்க, நான் கேப்பேன். அவ்வளவுதான். போஸ இங்கிருந்து யாரும் தேடல. தேடுறாங்கன்னு நீங்க நெனச்சது எனக்குப் போன வியாழக்கெழமதான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு.”

அழகையா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் அலமாரியைப் பார்த்தார்.

“அப்ப எழுதினதெல்லாம்?”

“அதுக்குள்ளதான் இருக்கு.”

“எட்டு மாசமாவா?”

“ஆமாண்ணே.”

“எங்கயும் போகல.”

“இல்ல.”

கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மௌனத்தை நிரப்பாதே என்பது பாடம். அழகையாவின் முகத்தில் அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. மூன்று வருடம் படிக்குப் படி ஏறி இறங்கிய பழைய களைப்பு ஒவ்வொரு சுருக்கமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. எழுந்து போகப்போகிறார், பஸ்ஸில் ஏறப்போகிறார், அந்த லயத்துக் கதவு மூடப்போகிறது என்று மார்ஜரி நினைத்தாள். வேறொரு போத்தல் வாங்க எத்தனை தூரம் போக வேண்டும்? எந்தக் கடையிலும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

“அண்ணே, அந்த மருந்துப் போத்தல் மாதிரி நெனப்பு இப்ப வருதா?” என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

“யாரும் படிக்கலன்னா, நீங்க எதுக்கு எழுதுனீங்க?”

“நீங்க சொன்னது மறந்துடக் கூடாதுன்னு.”

“நீங்க படிப்பீங்களா?”

“நீங்க வர்றதுக்கு முன்னால, ஒவ்வொரு வியாழக்கெழமயும்.”

அது உண்மைதான். புதன்கிழமை இரவுகளிலேயே அவளுக்குப் பாதி மனப்பாடம்.

“எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் மட்டுந்தான் தெரியும்” என்றார் அழகையா. “ஒருக்கா படிங்க. கேப்போம்.”

மார்ஜரி அலமாரியைத் திறந்து குறிப்புக் கோப்பை எடுத்து வந்தாள். எதிரே உட்கார்ந்து படிப்பது சரியாகப் படாமல், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தை நோக்கிப் படித்தாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. போஸ் தோசைக்குச் சீனி தொட்டுச் சாப்பிடுவான். போஸ் ஏழாம் வகுப்பில் இரத்தோட்டையில் ஓட்டப்போட்டியில் ஓடி இரண்டாவதாக வந்து, முதலாவதாக வந்தவனுக்குச் செருப்பு இருந்தது என்று சொல்லி அழுதான். அம்மா செத்தபோது அழவில்லை. அம்மா வளர்த்த கோழியை விற்றபோது அழுதான். கொழும்பிலிருந்து முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கி அனுப்பினான்; அது பெரிதாக இருந்தது. அழகையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் பிள்ளையைப் பற்றி இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடமோ. சில இடங்களில் அவருடைய உதடும் கூடவே அசைந்தது. கோழி வந்த இடத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மார்ஜரி தடுக்கவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததற்காக இல்லை, அவளாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

முதல் பக்கத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. பெயர் படித்தாள். ஊர் படித்தாள்.

“வயது பத்தொம்பது.”

“அது அப்ப” என்றார் அழகையா.

துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோப்பின் பக்கம் குனிந்தார். விரலால் தேடி அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இந்தா, ஒண்ணும் ஒம்போதும். இப்ப இருவத்தி மூணு. மாத்துங்க டீச்சரம்மா.”

மார்ஜரி பேனையை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள். சிஸ்டர் லூசியா இதை என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். இல்லாத ஆபீஸை இடித்துவிட்டு, இடித்த கை ஈரம் காயுமுன் இன்னொன்றைக் கட்டப் போகிறாளா? இருபத்து மூன்று என்று எழுதினால் அவன் எங்கோ இருக்கிறான், இந்த மழையைக் கேட்டிருப்பான், முகத்தில் மீசை தடித்திருக்கிறது என்றாகும். எழுதாவிட்டால் பத்தொன்பதோடு அவனை நிறுத்தியது அவளாக இருக்கும். இரண்டில் எதைச் செய்யவும் அவளுக்கு என்ன உரிமை? ஆனால் இந்த முறை அவர் மேலிடத்துக்காகக் கேட்கவில்லை. எங்கும் போகாத காகிதம், பூட்டுக்குள் இருக்கப்போகும் காகிதம் என்று தெரிந்தேதான் கேட்கிறார். படிக்கப்போகிறவள் அவள் ஒருத்திதான்.

பத்தொன்பதை அவள் வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில், அவருக்குத் தெரியும்படி பெரிதாக, 23 என்று எழுதினாள்.

அழகையா அந்த எண்ணை இலக்கம் இலக்கமாகப் பார்த்தார்.

“ஆடி பொறந்தா இருவத்தி நாலு” என்றார்.

23க்குப் பக்கத்தில், அந்த வரியில் இன்னும் இடம் இருந்தது. பேனையை மூடாமல் மார்ஜரியும், துண்டை மடியில் போட்டுக்கொண்டு அழகையாவும், மை காயும்வரை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.