எண்பது சென்டிமீட்டர்

தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப்பின் இரும்பு மூடியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாகச் சாய்த்ததும் பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கணக்கு சொல்லித்தரும் முதாசிர் கையை நீட்டித் தடுத்து, தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் அவர்களை நிறுத்தினான். கோட்டைத் தாண்ட ஏழாம் வகுப்பு மகேஷுக்கு மட்டும்தான் அனுமதி. அவன் கையில் ஆளுயரத்துக்கும் மேலான சவுக்குக் கம்பு. சென்டிமீட்டர் கோடுகளைப் பிள்ளைகளே பெயின்டால் போட்டிருந்தார்கள். நனைந்த இடம் பளிச்சென்று தெரிவதற்காகக் கம்பு முழுக்க சாக்பீஸைத் தேய்த்திருந்தார்கள். மகேஷ் அதை நேராக உள்ளே விட்டு, அடி தட்டியதும் எடுத்தான்.

"ஃபார்ட்டி டூ சார்."

வாசலில் டேங்கர் லாரி ஹாரன் அடித்தது. குழாயைச் சம்ப்பில் விட்டு வால்வைத் திறந்தார்கள். லாரி காலியாக இருபது நிமிடம் ஆனது. மறுபடியும் கம்பு. நூற்று மூன்று. உயர்ந்தது அறுபத்தொன்று. சம்ப்பின் நீளம் ஐந்து மீட்டர், அகலம் மூன்று மீட்டர் என்று வரைபடத்தைப் பார்த்து முந்தின நாளே குறித்து வைத்திருந்தார்கள். பெருக்கி முடித்த மகேஷ் நிமிர்ந்து, "ஒன்பதாயிரத்து நூத்தம்பது லிட்டர்" என்றான். லாரியின் வயிற்றில் கொட்டை எழுத்தில் 12,000 என்றிருந்தது. எண்பது சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும்.

படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜீவரத்தினம், குடியிருப்புச் சங்கச் செயலாளர், இறங்கி வந்தார். "திரும்பச் சொல்லு தம்பி" என்றார். மகேஷ் திரும்பச் சொன்னான். அவன் குரலில் பெருமை இருந்தது. முதாசிருக்கும் இருந்தது, மறைப்பதற்கில்லை. அன்று மாலைக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கம்பின் படமும் கணக்கும் வந்துவிட்டன. கீழே ஜீவரத்தினத்தின் ஒரு வரி: 'நம் குழந்தைகள் திருடனைப் பிடித்துவிட்டார்கள்.' நாற்பத்தெட்டு வீடுகளிலிருந்தும் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன.

மேடவாக்கத்தில் அந்தக் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் மே முதல் வாரம் வகுப்பு தொடங்கியது. இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை பிள்ளைகள். புத்தகம் கிடையாது. தோசையை வெட்டிப் பின்னம், நூலை இழுத்துப் பிடித்து முக்கோணம், நிழலை அளந்து கட்டடத்தின் உயரம். லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஜீவரத்தினம்தான் எழுதினார். 'பொறியாளர் ஒருவர் நடத்தும் செய்முறைக் கணக்கு வகுப்பு.' முதாசிர் பொறியாளன் இல்லை. மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டவன். விட்டதற்குக் காரணமே கணக்குத் தாள்தான், மூன்று முறை எழுதியும் தேறவில்லை. சோழிங்கநல்லூர் கால் சென்டரில் இரவெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவனெவனுடைய கோபத்தையோ கேட்டுவிட்டு, விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வருகிறான். நோட்டீஸை முதல் நாளே படித்தான்.  ஒரு நாளில் அவன் விழித்திருக்க விரும்பியது இந்த இரண்டு மணி நேரம்தான். அதை ஒரு வார்த்தையைத் திருத்தப்போய் இழப்பானேன் என்று விட்டுவிட்டான்.

சம்ப்பை அளந்த மறுநாள், வியாழக்கிழமை, வகுப்பு பாதியில் இருக்கும்போது ஒருவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, தோளில் துண்டு.

"நீதான் கணக்கு வாத்தியாரா?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான்தான் திருடன். துலுக்காணம். லாரி டிரைவரு."

பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"பன்னெண்டாயிரம் ரொப்பிகினு வந்தேன் சார். நீ இன்னாடான்னா கொம்ப வுட்டுப் பாத்துட்டு மூவாயிரம் காணோம்ன்ற. மூவாயிரத்த இன்னா, பாக்கெட்லயா ஊத்திகினு போனேன்?"

"பசங்க அளந்ததுல தப்பு இல்லீங்க. ரெண்டு தடவை பாத்தோம்."

"தப்பு இல்லன்னா நான் திருடன்னு ஆவுதுல்ல? ஓனரு சாவிய வாங்கி வச்சிக்கினாரு. பதினோரு வருசம் சார். சனிக்கெழமக்குள்ள உன் பேர சரி பண்ணு, இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்கன்னுட்டாரு. வூட்ல இன்னும் சொல்லல."

முதாசிர் குரலைத் தாழ்த்தினான். "வழியில எங்கயாவது இறக்குனீங்களா?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "இட்லி கட அக்காவுக்கு ஒரு டிரம்மு. எரநூறு லிட்டரு. துட்டு வாங்கறதில்ல. அந்தத் தெருவுல பைப்பே கெடையாது. வண்டியக் கண்டா அது டிரம்ம உருட்டிகினு வந்து நின்னுக்கும். எந்த டிரைவரா இருந்தாலும் ஊத்திட்டுதான் வருவான். அத்தயும் எழுதிக்க, போ." வாசல்வரை போனவர் நின்று மகேஷைப் பார்த்தார். "நீதான் அளந்தியா? நல்லா படி" என்றார். அது வாழ்த்தா ஏச்சா என்று மகேஷுக்குத் தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

முதாசிரின் தலை, அவன் கேட்காமலே, கணக்குப் போட்டு முடித்திருந்தது. இருநூறு லிட்டர் என்றால் கம்பில் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம். காணாமல் போனது பத்தொன்பது சென்டிமீட்டர்.

வகுப்பு முடிந்து நோட்டுகளைத் திருத்தினான். அளந்ததைக் கணக்காக எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பார்த்ததைப் படமாக வரைய வேண்டும், அது அவன் வைத்திருந்த வழக்கம். மூன்றாம் வகுப்பு சோயாவின் நோட்டில் லாரி, குழாய், குச்சிக் கைகளோடு பிள்ளைகள், பெரிய தலையோடு சார். கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைவரை நீலக் கோடுகள். அம்மாவுக்காகக் காத்து வாசலில் நின்றிருந்த சோயாவைக் கூப்பிட்டான்.

"இது என்ன, மழையா?"

"மழை இல்ல சார். மாடிலேர்ந்து தண்ணி கொட்டுச்சு. என் தலையில பட்டுச்சு."

"எப்போ?"

"லாரி ஊத்தும்போதுதான். நான் சொன்னேன், நீங்க அப்புறம்னு சொன்னீங்க."

மாடித் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. அப்படியென்றால் லாரி சம்ப்பில் ஊற்றிக்கொண்டிருந்தபோதே மோட்டார் சம்ப்பிலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.  மோட்டார் அறைக்குப் பக்கத்தில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்த செல்வம்மாளிடம் போய்க் கேட்டான். கட்டடத்தைப் பெருக்குவதும் மோட்டார் போடுவதும் அவள் வேலை.

"ஹாரன் கேட்டா போட்ருவேன் சார். தண்ணி வந்துச்சுன்னு தெரிஞ்சா நாப்பத்தெட்டு வூட்லயும் துணி மிசினு ஓடும். மேல டேங்க்கு காஞ்சிப்போனா என்னத்தான் கிழிப்பாங்க."

"நேத்து புதன்கிழமையும் போட்டீங்களா?"

"எந்தக் கெழமைன்னா இன்னா சார்? நேத்து நிறுத்தவே மறந்துட்டேன். புள்ளைங்க கணக்குப் போட்டுச்சுல்ல, அத்தப் பாத்துகினு நின்னுட்டேன்."

மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு நூற்று நாற்பது லிட்டர் என்றிருந்தது. இருபது நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. காணாமல் போனது இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. இருபது நிமிடம் என்பதே அவனுடைய குத்துமதிப்பு என்பதால் இட்லிக்கடை டிரம் அதற்குள் எங்கோ ஒளிந்துகொண்டது. மூன்று முறை தோற்ற கணக்கு நான்காவது முறையும் அவனைப் பார்த்துச் சிரித்தது. இந்த முறை தோற்றதற்கு வேறொருவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவன் சொன்னதை ஜீவரத்தினம் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முதாசிர், நான் குரூப்ல போட்டாச்சு. வேற லாரிக்கும் பேசியாச்சு, திங்கட்கிழமையிலேர்ந்து வர்றான். இப்ப போய் மோட்டார் கீட்டார்னு சொன்னா என்னை விடுங்க, உங்களை என்ன நினைப்பாங்க? இன்ஜினியர்னு நம்பித்தானே பசங்கள அனுப்பறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ஜினியர்தானே?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நாளைக்கு பேரன்ட்ஸ் வர்றாங்க. சார்ட்ட ஒட்டுங்க, பசங்க பேசட்டும், எல்லாரும் கைதட்டட்டும். ஜூன்லேர்ந்து ஹால் வாராவாரம் உங்களுக்குத்தான். கமிட்டில நான் பேசிக்கறேன்."

அன்றிரவு வேலையில் யாரிடம் என்ன பேசினான் என்பது அவனுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. சுவரில் முக்கோணங்கள், நிழல் படங்கள். நடுவில் மகேஷின் சார்ட், சிவப்பு மையில் 9,150. அவன் அம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், துலுக்காணம் நின்றிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவுமில்லை.

மகேஷ் வாயைத் திறப்பதற்குள் முதாசிர் எழுந்தான். "இந்த நம்பர் தப்பு" என்றான். சார்ட்டில் சிவப்பு எண்ணின் மேல் விரலை வைத்தான். "லாரி ஊத்தும்போது மோட்டார் ஓடிக்கிட்டிருந்திருக்கு. தண்ணி மேல போயிக்கிட்டே இருந்திருக்கு. நான் கவனிக்கல. ஒரு குழந்தை சொல்லியும் கேக்கல. டிரைவர் மேல சொன்னது எதுக்கும் ஆதாரம் இல்ல."

"சார், நாங்க கரெக்டாதான் அளந்தோம்!" மகேஷின் குரல் உடைந்தது.

"நீ அளந்தது சரிடா. மோட்டாரைப் பாக்காதது நான்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நீங்க எந்த காலேஜ் சார்?"

ஜீவரத்தினம் தரையைப் பார்த்தார். "முடிக்கல" என்றான் முதாசிர். "மூணாவது வருஷத்துல விட்டுட்டேன்."

 நாற்காலிகள் நகர்ந்தன. மகேஷின் அம்மா போனை இறக்கிக்கொண்டாள். "வாடா" என்றாள். இன்னும் சிலர் பிள்ளைகளின் கையைப் பிடித்தார்கள். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். பிள்ளைகளில் ஆறு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் சோயா இருந்தாள். அம்மாவின் கையை உதறிவிட்டு மகேஷும் நின்றான். முதாசிரை அவன் பார்க்கவே இல்லை.

பதினோரு மணிக்கு அதே லாரி வந்தது, வேறு டிரைவரோடு. ஹாரன் அடித்தது. செல்வம்மாள் மோட்டார் அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "எவன் வந்து கேட்டாலும் போட மாட்டேன்" என்றாள். மேலே பால்கனிகளில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. போவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் படிக்கட்டில் நின்றுவிட்டிருந்தார்கள். ஜீவரத்தினம் சம்ப் ஓரமாக வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

மோட்டார் ஓடாமல் மறுபடி அளந்து பார்க்கக் கம்பில் புதிதாகச் சாக்பீஸ் தேய்த்தார்கள். முதல் அளவு முப்பத்தெட்டு. எண்பது ஏறினால் நூற்றுப் பதினெட்டு வர வேண்டும். வால்வு திறந்தது. தண்ணீரின் இரைச்சலில் எல்லோரும் பேச்சை விட்டார்கள். கேட்டருகே நின்ற துலுக்காணம் நாலடி முன்னால் வந்தார். பிறகு இன்னும் இரண்டு. இந்த டிரைவர் இட்லிக்கடையில் நின்றானா, நிற்காமல் வந்தானா என்று முதாசிருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நின்றிருந்தால் கம்பில் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறையும். அரை சென்டிமீட்டர்வரை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தவன் அவன்தான்.

இரைச்சல் நின்றது. குழாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்தன. அலை அடங்கட்டும் என்று மகேஷ் சற்றுக் காத்திருந்து, கம்பை நேராக இறக்கி, அடி தட்டியதும் மெதுவாக மேலே இழுத்தான். வெள்ளையும் கறுப்பும் சந்தித்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். சோயா கோட்டைத் தாண்டி வந்து அவன் விரலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். ஜீவரத்தினம் குனிந்தார். படிக்கட்டிலிருந்து யாரோ "எவ்ளோ?" என்றார்கள்.

துலுக்காணம் கம்பைப் பார்க்கவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.