மன்ஸலா ஏரியில் விழுந்த இரட்டைவால்

ஆங்கிலேயர் எங்கள் நாட்டின்மீது படையெடுத்த ஐம்பத்தாறாம் ஆண்டுப் போரில், மன்ஸலா ஏரிச் சேற்றில் ஒரு ஜெட் விமானம் எரிந்து வீழ்ந்தது. ஊர்ந்து வெளிவந்த விமானியைப் ரய்யிஸ் எனப்படும் படகுத் தலைவன் ஷஹாத்தா துடுப்பால் அடித்துக் கொன்றான். 'ஆங்கிலேயனைக் கொன்ற ரய்யிஸ்' என்று ஊர் அவனை இருபது ஆண்டுகளாகத் தோளில் சுமந்தது. இப்போது அக்காட்சியைக் கல்லில் பொறிக்கவிருந்தார்கள். விமானத்தின் பெயர் கேட்டு, பழைய புகைப்படத்தோடு என் பட்டறைக்கு வந்தான். நான் முன்பு எங்கள் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவன்; ஊரார் 'உஸ்தா', தொழில் வல்லவன், என்பார்கள். கல்தச்சனுக்குக் காட்டவென்று அந்தத் துடுப்பும் அவன் கையில் இருந்தது.

"உஸ்தா ஜாபிர், பேரைப் பெருசா எழுதிக் குடு. முதல் அடியில தாடை போச்சு. அப்பவும் பய விரலை மேல நீட்டி இன்னொரு பிளேனைக் கூப்பிட்டான்யா! ரெண்டாவது அடியில மண்டையைப் பொளந்தேன்."

படத்தில், தீ தின்ற விமான உடலில் சின்னம் ஏதும் எஞ்சவில்லை. கரிந்த இரட்டை வால், வானை இரந்து நிற்பதுபோல் ஓர் இறக்கை, அதன்மேல் காலூன்றிய ஷஹாத்தா, கீழே பிணம். உருப்பெருக்கியை இறக்கை நுனியில் வைத்தேன்.

"ரய்யிஸ், இது இங்கிலீஷ்காரனோட வெனம் இல்ல. வாம்பயர்."

"ரெண்டு வால் இருக்குல்ல? அப்புறமென்ன?"

"ரெண்டுக்குமே ரெட்டை வால்தான். வெனம்னா இறக்கை நுனியில பெட்ரோல் டாங்கி இருக்கும்."

"விழுந்தப்ப பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். உன்னையெல்லாம் உஸ்தாங்கிறாங்க பாரு!"

"பின்விளிம்பைப் பாருங்க. அவங்களுது கோல் மாதிரி நேரா இருக்கும். இது முன்பக்கம் சாயுது. இந்த இறக்கையை நான் எத்தனை தடவை கழுவியிருக்கேன்! இது நம்ம விமானம். செத்தவன் நம்ம பையன்."

துடுப்பு சுழன்றது. என் தாடை முறிந்த ஓசையை நானே கேட்டேன். எஞ்சின்களுக்கிடையே மல்லாந்து விழுந்தேன்.

"இங்கிலீஷ்காரன்னு எழுதுடா, நாயே!"

இரண்டாம் அடியில் இடத்தோள் எலும்பு பெயர்ந்தது. மூன்றாவதற்கு என் தலைக்கு நேரே ஓங்கினான். வாய் நிறையக் குருதி; சாகுமுன் சொல்லவேண்டிய கலிமாவைச் சொல்ல நா புரளவில்லை. இறைவன் ஒருவனே என்று சாட்சி பகர என் வலக்கைச் சுட்டுவிரல் தானே எழுந்தது.

துடுப்பு அந்தரத்தில் நின்றது.

அவன் என் விரலையே பார்த்தான். பின் குனிந்து படத்தை எடுத்தான். பிணத்தின் கையிலும் ஒற்றை விரல் விறைத்து நீண்டிருந்தது.

"இவன் பிளேனைக் கூப்பிடல..." குரல் கிழிந்தது. "மக்கா இருக்கிற கிப்லாப் பக்கமும் பாக்கல, அடக்கத் தொழுகையும் இல்ல. குப்புறப் போட்டு மிதிச்சுப் புதைச்சேனே, உஸ்தா!"

மாலைக்குள் அவனைப் புதைத்திருந்த நாணல் திட்டை அடைந்தோம். அதே துடுப்பால் தோண்டினான். எலும்பு தட்டுப்பட்டதும் துடுப்பை ஏரியில் எறிந்துவிட்டு, நகம் பெயரக் கைகளால் மண்ணை அள்ளினான். எந்தப் பக்கம் திருப்பிக் கிடத்துவது என்று கேட்டான். முறிந்த தாடையைத் துணியால் கட்டியிருந்த நான், மக்காவின் திசையை விரலால் காட்டினேன்.