அன்னூர்க்காரர் வந்தாச்சா?

அன்னூரில் தம்பிதுரைக்கு நாலு ஏக்கர் பருத்திக் காடும் ஒரு கிணறும் அதில் ஒரு கரண்ட் மோட்டாரும் இருந்தன. ஆனால் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் பருத்தியையோ மோட்டாரையோ சொல்ல மாட்டார்கள். "பங்காரம்மா மேடையில பேர் சொல்லிக் கேப்பாங்களே, அவருதானுங்க" என்பார்கள். தம்பிதுரைக்கு அது போதும். அந்த ஒரு சங்கதிக்காகத்தான் இந்த மனுசன் மூச்சு விடுகிறார் என்று அவர் மனைவி ராசாத்தாள் சொல்வாள். அதை அவர் மறுத்ததில்லை.

தாராபுரம் பங்காரம்மா அறுபதைத் தொட்ட பாடகி. மைக் இல்லாத காலத்திலேயே நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் காது குளிரப் பாடியவர். வருடம் தவறாமல் அன்னூர் மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பிக்கு வருவார். மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்ந்ததும் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். "அன்னூர்த் தம்பிதுரையண்ணன் வந்தாச்சுங்களா? அவரு வந்தாத்தானே எனக்குப் பாட்டு வரும்" என்பார். கூட்டம் மொத்தமும் திரும்பும். முன்வரிசையில் தம்பிதுரை எழுந்து, தோள் துண்டைக் கையில் வாங்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார். பன்னிரண்டு வருடமாக இது தவறியதில்லை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பங்காரம்மாவிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. எல்லாம் மரியாதைதான். அவ்வளவு பெரிய மனுசி முன்னால் போய் நின்று என்னத்தைப் பேசுவது? எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்ட மாட்டார், வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். பேச ஆரம்பிக்கும் முன்னும் அதே இரண்டு இருமல்தான். பங்காரம்மா முன்னால் நின்றால் இருமலைத் தாண்டிப் பேச்சு வராது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். அதனால் எதுவானாலும் மேனேஜர் ராமுலுவிடம்தான்.

ராமுலு பெயரைக் கேட்டாலே பங்காரம்மாவின் அன்னூர் ரசிகர் சபைக்கு வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கும். முன்வரிசையில் பீடி பிடிக்கக் கூடாது. மைக்கை மூன்று தரம் சோதித்துக் காட்ட வேண்டும். பாலில் பனங்கற்கண்டு இருக்க வேண்டும், ஆனால் டம்ளர் அடியில் தங்கியிருக்கக் கூடாது. இத்தனையையும் அந்த ஒல்லி மனுசர், தோளில் துணிப்பை தொங்க, சிரிக்காமல் சொல்லுவார். "பாடறதுக்கு அம்மா, படுத்தறதுக்கு இவரு" என்பான் சபைத் தலைவன் ஆறுச்சாமி. ஊரில் தையல் கடை வைத்திருப்பவன், வாயும் கத்திரி மாதிரிதான்.

முதுகுக்குப் பின்னால் ராமுலுவை அதிகம் திட்டியது தம்பிதுரைதான். நேரில் பார்த்தாலோ, "வாங்க வாங்க, சாப்பிட்டீங்களா?" என்பார். ஜென்மப் பகையாளியானாலும் அதைக் கேட்காமல் விடுகிற வழக்கம் அவருக்கில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம் மாசி மாதத்தில் சபைக்கு ஓர் அச்சடித்த அட்டை வந்தது. இனிமேல் பங்காரம்மாவின் கச்சேரி ஏற்பாடுகளைக் கோயமுத்தூர் காந்திபுரம் சென்னகேசவன் கவனிப்பார் என்று போட்டிருந்தது. ராமுலுவைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று சாயங்காலமே தையல் கடையில் அவசரக் கூட்டம் கூடியது. நேற்று வரை ராமுலுவைக் கரித்துக் கொட்டிய சபைக்கு இன்று அவர் மேல் பாசம் பொங்கிவிட்டது.

"இருபத்திரண்டு வருசம் கூடவே இருந்த மனுசனுங்க! கறிவேப்பிலையாட்டத் தூக்கிப் போட்டுட்டாங்களே!" என்றார் நஞ்சப்பன். பருத்தி அரவை ஆலையில் கணக்கப்பிள்ளை, சீக்கிரம் கண் கலங்குகிறவர்.

"போன வருசம் அவரைக் கெரகம்னு சொன்னது நீங்கதானுங்களே?" என்றான் ஆறுச்சாமி.

"கெரகம்னாலும் நம்ம கெரகமுங்க."

தம்பிதுரை இரண்டு தடவை இருமினார். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்தாளு போனது நல்லதுக்குத்தானுங்க. அந்தம்மாளுக்கும் நமக்கும் நடுவுல செவுராட்ட நின்னாரு. இனி அவங்களே நம்மகிட்ட நேராப் பேசுவாங்க, பாருங்க."

'நம்மகிட்ட' என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் விடிய விடியப் பேசினாலும் தீராது என்கிற அளவுக்குச் சண்டை. கடைசியில் ராமுலுவை நீக்கியதைக் கண்டித்து ஒரு தீர்மானமும், சென்னகேசவனை வரவேற்று ஒரு தீர்மானமும் நிறைவேற்றினார்கள். இரண்டையும் ஒரே கவரில் போட்டு, அட்டையிலிருந்த விலாசத்துக்கு அனுப்பினார்கள். தபால்தலையை வீணாக்குவானேன்?

தம்பிதுரைக்கு இந்த வருட நோம்பியில் வேறொரு முக்கியமும் இருந்தது. தை மாதம்தான் மகளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி குமாரசாமி பாக்கு மண்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். நிச்சயத்தன்று பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பங்காரம்மா தன் பேரைச் சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டார் என்று தம்பிதுரை விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார். "அப்படீங்களா? நோம்பிக்கு வந்து கேட்டுப்போடறனுங்க" என்றிருந்தார் குமாரசாமி. சொன்னபடி குடும்பத்தோடு வருவதாகக் கடிதமும் போட்டுவிட்டார்.

"வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாமுங்க" என்றாள் ராசாத்தாள்.

"ஏன், சொன்னதுல என்ன பொய்யி?"

"பொய்யின்னு நான் சொன்னனா? அந்தம்மா ஒருக்கா மறந்துபோச்சுன்னா?"

"பன்னெண்டு வருசமா மறக்காதவங்க இப்ப மறந்துபோடுவாங்களா? போ ராசாத்தா, போய்ச் சோலியப் பாரு."

சபை சார்பில் தம்பிதுரை வழக்கப்படி தாம்பூலத் தட்டோடு கச்சேரி பேசக் காந்திபுரம் போனார். ஒரு லாட்ஜ் மாடியில் சென்னகேசவனின் ஆபீஸ். மேசை, டெலிபோன், மின்விசிறி. சென்னகேசவன் முப்பது வயதுக்காரர், தங்கமான பிள்ளை. எழுந்து நின்று கும்பிட்டு, காப்பி வரவழைத்து, ஓர் அச்சடித்த ஃபாரத்தை மூன்று பிரதியாக நீட்டினார். ஊர், தேதி, மேடையின் அகலம், கரண்ட் உண்டா இல்லையா. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. தாம்பூலத் தட்டுக்குத்தான் இடமில்லை. மேசை மேல் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பழைய ஃபைல் கட்டின் மேல் வைத்தார்.

"பாலுல பனங்கற்கண்டு அடியில தங்கலாங்களா?" என்று கேட்டுப் பார்த்தார் தம்பிதுரை.

"உங்க சௌகரியமுங்க" என்றார் சென்னகேசவன். அதைக் கேட்டதும் தம்பிதுரைக்கு வயிறு குளிர்ந்தது.

நோம்பி வந்தது. ராமுலு காலத்தில் ஆறு மணிக் கச்சேரி ஏழரைக்குத் தொடங்கும். இந்தத் தடவை ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பங்காரம்மா மேடையில் இருந்தார். முன்வரிசையில் தம்பிதுரை, பக்கத்தில் குமாரசாமி, அந்தப் பக்கம் பெண்கள். தம்பிதுரை துண்டைத் தோளில் எடுப்பாகப் போட்டு, எழுந்திருக்கத் தோதாகப் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார்.

சுருதி சேர்ந்தது. பங்காரம்மா கூட்டத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். பாட ஆரம்பித்துவிட்டார்.

முதல் பாட்டு முடிந்தது. பிள்ளையாருக்குப் பாடிவிட்டுக் கேட்பாராக்கும் என்று தம்பிதுரை நினைத்தார். இரண்டாவதும் முடிந்தது. இரண்டு தடவை இருமினார். மூன்றாவதுக்குப் பிறகு பலமாக நாலு தடவை இருமினார். வெளிச்சத்தில் தன் முகம் தெரியவில்லையோ என்னவோ என்று, ஐந்தாவது பாட்டின் நடுவில் எழுந்து, மேடைக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். பங்காரம்மா பாட்டை நிறுத்தினார். கூட்டம் அடங்கியது. தம்பிதுரையின் கை துண்டுக்குப் போனது.

"ஏனுங்க, முன்னால நடக்கறவரு கொஞ்சம் உக்காந்துக்குங்க. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றார் பங்காரம்மா.

மைக் செட்டு அன்று பிரமாதமாக வேலை செய்தது. ஊர் எல்லை வரை கேட்டது.

குமாரசாமி கச்சேரி முடிந்து எழுந்தபோது, "நல்லா இருந்துச்சுங்க சம்பந்தி. எல்லாமே நல்லா இருந்துச்சுங்க" என்றார். அதற்குப் பதில் அவர் தன் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று தம்பிதுரைக்குத் தோன்றியது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமனார் வீட்டில் அவளும் இதைச் சொல்லி எத்தனை பெருமைப்பட்டாளோ!

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் மேடைக்குப் பின்னால் போனார். பங்காரம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் அடியில் பனங்கற்கண்டு தங்கியிருந்தது. அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிதுரை இருமினார். "நான்... அன்னூர்த் தம்பிதுரைங்க."

பங்காரம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, நீங்கதானுங்களா அந்தத் தம்பிதுரையண்ணன்! ராமுலண்ணன் சீட்டுல எழுதுவாரே, அவரா?"

"சீட்டுங்களா?"

"எனக்கு ஊருக்கு ஊரு ஆளுங்க முகம் எங்கீங்க நெனப்பு இருக்குது? ராமுலண்ணன்தான் ஒரு சீட்டெழுதிச் சுருதிப்பெட்டி மேல வெச்சிருவாரு. மத்த ஊர்ச் சீட்டுல பிரசிடெண்டு, மில் மொதலாளின்னு நாலு பேரு இருக்கும். உங்கூர்ச் சீட்டுல உங்க பேரு மட்டுந்தானுங்க." பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. "அய்யோ! இன்னைக்கு முன்னால நடந்தது நீங்களா?"

"அது கெடக்குதுங்க. அவரை ஏனுங்க வேண்டாம்னுட்டீங்க?"

"நானா? ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்துபோச்சுங்க அவருக்கு. போகாதீங்கன்னு நான் அழுதனுங்க. 'எழுத்துத் தெரியாம உனக்கு நான் என்னம்மா சீட்டு எழுதறது'ன்னு சொல்லி, இந்தச் சென்னகேசவனை அவரேதான் பாத்துக் கொண்டாந்து விட்டாரு. மேட்டுப்பாளையத்துல மக ஊட்டுல இருக்கறாரு." பங்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஊரூராப் போறேன். எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்குதுங்க எனக்கு."

தம்பிதுரைக்குச் சபையின் இரண்டு தீர்மானங்களும் ஞாபகம் வந்தன. இரண்டும் தப்பு. ஒரே கவரில் போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, அந்த மனுசர் என் பேரை மட்டும் ஏன் எழுதினார்? இதுதான் அவரைக் குடைந்தது. தான் திட்டியதெல்லாம் ராமுலு காதுக்கு ஒருநாளும் போகாமலா இருந்திருக்கும்?

அடுத்த வாரம் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். முதலில் பாக்கு மண்டிக்குப் போய்ச் சம்பந்தியிடம் இருமிவிட்டு, சீட்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னார். சொல்லும்போது காது சுட்டது. குமாரசாமி கடைசி வரை கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "அந்த ஊடு எனக்குத் தெரியுமுங்க. நானும் வாரேன்" என்றார்.

பாக்குக் காயப்போட்டிருந்த ஒரு களத்தைத் தாண்டி ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் ராமுலு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் அந்தத் துணிப்பை தொங்கியது. தம்பிதுரை வாசலில் நின்று, வழக்கப்படி இரண்டு தடவை இருமினார்.

"அன்னூர்த் தம்பிதுரையண்ணன் வந்தாச்சுங்களா?" என்றார் ராமுலு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமாரசாமி தம்பிதுரையைத் திரும்பிப் பார்த்தார். தம்பிதுரை தோளிலிருந்து துண்டை எடுத்தார். கும்பிடத்தான் எடுத்தார், ஆனால் அதில் கண்ணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

"எம்பட பேரை எதுக்குங்க எழுதுனீங்க?" என்றார் உள்ளே போய். தட்டை அவர் மடியில் வைத்தார். "நானு உங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசுனவன் இல்லீங்க."

"தெரியுமுங்க. பந்தலுக்குப் பின்னாலதானே நின்னு பேசுவீங்க? நான் முன்னாலதான் இருப்பேன்." ராமுலு சிரிப்பதைத் தம்பிதுரை முதல் தடவையாகப் பார்த்தார். "எல்லா ஊர்லயும் அம்மா சாப்பிட்டாங்களானு கேப்பாங்க. மைக் செட்டுக்காரரு சாப்பிட்டாரானு கூடக் கேட்டிருக்கறாங்க. என்னைச் சாப்பிட்டயான்னு கேட்டது உங்கூர்ல நீங்க ஒருத்தருதானுங்க. வருசா வருசம் கேட்டீங்க. அதுக்கு நான் வேறென்ன செய்யறது? பேரு எழுதத்தான் எனக்குத் தெரியும்."

தம்பிதுரைக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை வருடமும் கேட்டாரே தவிர, இந்த மனுசர் சாப்பிட்டாரா இல்லையா என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. ராமுலுவின் கைகள் தட்டிலிருந்த வெற்றிலையைத் தடவித் தடவி அடுக்கிக்கொண்டிருந்தன.

தம்பிதுரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.