பன்னிரண்டு மணிக்குள் ஆரல்வாய்மொழி

முதல் வெடி ஒழுகினசேரிப் பாலத்தில். அடுத்தது வெள்ளமடத்தில். தோவாளை வருவதற்குள் என் லாரி கோயில் கொடைக்குக் கதினா வெடி போடுவதுபோல் பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எந்தச் சாமி வருகிறது என்று ரோட்டுக்கே வந்து பார்த்தார்கள். லாரிதான் வந்தது, திக்கித் திக்கி.

எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்ல. அது ஐம்பத்து மூன்றாம் வருடத்து விஜயதசமி. வண்டி நிறைய அருமனை ஏத்தன் வாழைக்குலை. ஆரல்வாய்மொழிச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து மாநில எல்லை தாண்டிப் போகிற வண்டி சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் குலை இறங்காவிட்டால் லாரியை விற்றுவிடலாம் என்று கொழுந்தனிடம் நானே சொல்லியிருந்தேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்டபோது என் வீட்டுக்காரர் எடுத்த வண்டி அது. அவர் செத்துப்போய் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் கொழுந்தன் கணபதியப்பனுக்கு ஒரே பாட்டு: "பொம்பளை லாரி நடத்தினா ஊரு சிரிக்கும் மைனி." அன்று எனக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"மணி பதினொண்ணு" என்றார்.

"எனக்கும் கண்ணு இருக்கு. ஓரம் கட்டு ஞானசிங்கு."

டிரைவர் ஞானசிங் குதித்து இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கினான். பெட்ரோல் வருகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தான். தண்ணீர் இல்லை, தூசி இல்லை. கார்புரேட்டரை ஊதி மாட்டி ஸ்டார்ட் செய்தான். படார். என் உயிர் போய் வந்தது. பிளக் ஆறையும் கழற்றித் துடைத்தான். மறுபடியும் படார். எதிரே வந்த வண்டிமாடு ஒன்று வாய்க்காலில் இறங்கிவிட்டது.

"மணி பதினொண்ணேகால்" என்றார் கொழுந்தன். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞானசிங் ஒரே இடத்தைக் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்ப அதையே பார்த்தான்.

"என்னப்பா முழிக்கே? கண்டுபிடிச்சியா இல்லியா?"

"கண்டுபிடிச்சாச்சு அக்கா. ஆனா நான் தொடமாட்டேன்."

எட்டிப் பார்த்தேன். ஆறு வயர்கள் கிளம்புகிற ஒரு கறுப்பு மூடி. அதன்மேல் மூன்று பட்டையாகத் திருநீறு. நான் பூசியதுதான். ஆயுத பூசைக்குப் போட்ட திருநீறு போதாதென்று, காலையில் பயத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்துத் திரும்பப் பூசியிருந்தேன். சக்கரம், ஸ்டியரிங் என்று ஆரம்பித்து, எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே துருத்திக்கொண்டு தெரிந்ததையெல்லாம் விடவில்லை.

"ஆறு சிலிண்டருக்கும் தீப்பொறியை முறை வச்சுப் பங்குபோடுகது இதுதான்" என்றான் ஞானசிங். "நம்ம முறைத்தண்ணி மாதிரி. வரப்பு உடைஞ்சா தண்ணி அடுத்தவன் வயலுக்குப் போயிரும்லா? ஈரத் துணூறு வழியாப் பொறி வயரு மாறிப் போகுது. முறை தப்பிப் பொறி விழுகதுனாலதான் இந்த வெடி."

"துடைச்சா சரியாகுமா?"

"ஆகும். ஆனா வேதக்காரன் துணூறை அழிச்சான்னு நாளைக்கு ஊர்ல ஒரு பேச்சு வந்தா…" என்று கொழுந்தன் பக்கம் பார்வையை ஓட்டினான். கிறிஸ்தவன் அவன், பயந்ததில் தப்பே இல்லை.

கொழுந்தன் இறங்கி வந்துவிட்டார். "மைனி, தொட்டுராதீங்க. விஜயதசமியும் அதுவுமா சாமி துணூறை அழிச்சா குடும்பம் விளங்குமா?"

நீட்டிய கை நின்றுவிட்டது. சாமிக்குப் பயந்தவள்தான் நான். ஆனால் இந்த வண்டி போனால் இவர் வீட்டு அடுக்களையில்தான் எனக்கு மிச்ச காலம். அதை நினைத்ததும் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். உள்ளங்கையில் ஒட்டியதை என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். மிச்சத்தைக் கொழுந்தன் நெற்றியில் ஒரே இழுப்பாக இழுத்தேன்.

"சாமி துணூறு, கீழ போடப்பிடாது கொழுந்தனாரே."

அவர் என்ன செய்வார், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஞானசிங் சிரிப்பை மறைக்க எஞ்சினுக்குள் தலையை விட்டான். கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்து மாட்டினான்.

ஸ்டார்ட் செய்தான். வெடி இல்லை. கும்மென்று ஒரே சீரான சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போ மக்கா, போ" என்றேன். கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. தலைமுடி பறந்ததை ஒதுக்கக்கூடத் தோன்றவில்லை. மணி என்ன என்று நான்தான் கேட்டுக்கொண்டே வந்தேன். கொழுந்தன் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி மட்டும் காட்டினார். கிட்டங்கி வாசலில் போய் நின்றபோது பதினொன்றே முக்கால். பத்து ஆள் ஏறி இறக்கினார்கள். கடைசிக் குலை இறங்கியபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

கொழுந்தனுக்கு அப்போதும் ஆறவில்லை. "என்ன இருந்தாலும் வண்டி நின்னது மைனி செஞ்ச தப்பாலதானே?"

"ஆமா. தப்பு என்னுதுதான். வண்டியும் என்னுதுதான்" என்றேன்.

அவர் கடிகாரத்தை மடியில் செருகிக்கொண்டு, முன்பக்கம் வராமல், வாழைச் சருகு கிடந்த பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.