பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் பைப்பு

"அந்த ஐஸ் தட்டுக் கம்பியை யாரு தூக்கி விட்டா, அதை முதல்ல..."

"நான் எதுக்குத் தூக்கப் போறேன், நீ சும்மா..."

"முடிக்க விடுங்க. கம்பி தூக்கி நின்னா, ஐஸ் நெறஞ்சிடுச்சுன்னு மெஷின் நெனச்சுக்கும். எறக்குங்க."

"கீழதான் இருக்கு லா, லெட்சுமி. பிரிட்ஜ் பழசாயிடுச்சு. விட்டுத் தள்ளு."

முகுந்தன் மேல்கதவைப் பிடித்தபடி நின்றார். தானாகத் தண்ணீர் நிரம்பி ஐஸ் செய்யும் தட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இறங்கவில்லை. மனைவி சீதாலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். அவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க ஒரு சின்ன போத்தல் தண்ணீர், அது போக எட்டு ஐஸ் கட்டி. அதற்கு மேல் கூடாது. கிள்ளான் வெயிலில் ஒவ்வொரு கட்டியாக வாயில் ஒதுக்கித்தான் அவள் பொழுதை ஓட்டினாள்.

"பில்டர்?"

"போன மாசம்தான் மாத்தினேன்."

"தண்ணி விழற குழாய் ஒறஞ்சிருக்கா? விரல விட்டுப் பாருங்க."

"ஒறையல. என்ன, எனக்குப் பரீட்சை வைக்கிறியா?"

"தெலுக் பங்லிமா காராங் பிரிட்ஜ் பேக்டரில பத்தொன்பது வருஷம் இந்தத் தண்ணி வால்வத்தான் மாட்டிக்கிட்டு நின்னேன். நீங்க லோரி ஓட்டினவரு. டெஸ்ட் பட்டனை அழுத்திட்டுக் கொஞ்சம் பேசாம இருங்க."

அழுத்தினார். தட்டு முறுக்கிக்கொண்டு கவிழ்ந்து நிமிர்ந்தது. பிரிட்ஜின் பின்புறத்தில் ஏதோ சில நொடிகள் முனகி அடங்கியது. தட்டில் ஒரு சொட்டு இல்லை.

"கேட்டீங்களா? கரண்டு வருது, வால்வு தொறக்குது. தண்ணிதான் அதுவரைக்கும் வரல. சொவத்துப் பைப்பு மூடியிருக்கு."

"தண்ணி வராது, கட்டுன்னதும் மூடச் சொன்னதே நீதானே. திரும்பி வரும்போது சேத்துத் தண்ணி உள்ள போயிடும்னு."

"சொன்னேன். சனிக்கிழமை தண்ணி வந்திடுச்சு. பாத்ரூம்ல தொறந்து விட்டீங்க, வாஷிங் மெஷினுக்குத் தொறந்தீங்க. இதை மட்டும்?"

"மறந்துட்டேன்."

"லோரிக்கு டீசல் ஊத்த மறந்திருக்கீங்களா ஒரு நாளாவது?"

முகுந்தன் கதவை மூடினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"வியாழக்கிழமை நாலு கிலோ ஏறியிருந்தே. டயாலிசிஸ்ல ஊசி போடற மிஸ்ஸி என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. இப்படியே போனா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், மூச்சு முட்டும்னு. நீ எட்டா சாப்பிடுற? மத்தியானம் நான் கண் அசந்தா ஐஸ் அள்ளுற சத்தம் எனக்குக் கேக்காதா?"

"கேட்டுச்சுன்னா எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்திடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப நான் வேற என்ன செய்யறது?"

"மூணு நாளா நாக்கு ஒட்டிக்கிச்சு. பக்கத்துலயே உக்காந்து, மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அவர் பிரிட்ஜை இழுத்து நகர்த்தினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சுவரோரம் கையை நீட்டினார். பைப்பின் திருகு கைக்குள் வந்தது. திருப்பவில்லை.

"நீயே சொல்லு. தொறக்கவா, வேணாமா?"

சீதாலெட்சுமி மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"நாளைக்கு டயாலிசிஸ் வேன் வந்தா, இனிமே நான் வரலைன்னு சொல்லிடுங்க. அப்புறம் அந்தப் பைப்பு தொறந்தே கெடந்தா என்ன?"