தொப்பியில் வைத்த கை

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை ஒரு திருகாணியிலிருந்து பிறந்தது. கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் ஒரு வீட்டில் பழைய கிராமபோன் பெட்டியொன்றைப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, யாரும் தொடாதபடி மூடியிருந்தார்கள். ஊற்றியது யார், எதற்காக என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கோ அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஆகவே ஸெய்னுலாப்தீனை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "1931ஆம் ஆண்டு, கண்டியில் மழை சோவென்று..." (அடித்துவிட்டேன். மழையை விட்டால் கண்டிக்கு வேறு வேலையே இல்லையா?)

இரண்டாவது: கண்டியில் புடைவைக் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. (இது இருக்கட்டும்.)

வைக்க முடியாததற்குக் காரணம் உண்டு. நாலு மணிக்குத் தொண்டி உசேன்கனிப் பாவலர் பாடப்போகிறார். தானே பாட்டுக்கட்டித் தானே பாடும் கிழவர். ஒன்பது வருடமாக அவருடைய இசைத்தட்டுகள் அத்தனையும் ஸெய்னுலாப்தீன் வீட்டில் ஓடுகின்றன. ஆனால் அவரை நேரில் பார்த்தவர் கண்டியில் ஒருவருமில்லை. போன மாதம் கொழும்பில் எவனோ ஒருவன் பாவலர் பெயரைச் சொல்லி மேடையேறி, அகப்பட்டு, அடிவாங்கி ஓடினான். இப்போது வந்திருப்பவர் மட்டும் அசல் என்று யார் சொல்வது? கச்சேரியை ஏற்பாடு செய்த தியாகராஜா, கந்தோரொன்றில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், முந்தின நாளே கடைக்கு வந்துவிட்டார்.

"ஸெய்னுலாப்தீன் நானா, அந்தக் குரல் உங்களைவிட ஆருக்குத் தெரியும்? முன்வரிசையிலை இருங்கோ. கள்ளன் எண்டால் தொப்பியைக் கழட்டுங்கோ. நான் திரையை விழுத்திப்போடுறன்."

"பொறகு?"

"பிறகு சனம் பாத்துக்கொள்ளும்."

"அந்த மனிசன அடிச்சிருவாங்களே!"

"அதுக்குத்தான் சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ."

துருக்கித் தொப்பியில்லாமல் வெளியே தலைகாட்டாதவர் ஸெய்னுலாப்தீன். ஆகவே இதைவிட நிச்சயமான அடையாளம் கிடையாது என்று இருவரும் நினைத்தார்கள்.

3

வாசகரே, இங்கே நான் ஓர் அநியாயம் செய்கிறேன். ஸெய்னுலாப்தீன் கேட்க மறுத்த ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பெட்டி வேகமாக ஓடுகிறது. அதனால் பாவலரின் குரல் மெலிந்து, இளைஞன் குரலாகக் கேட்கிறது. மனைவி றம்லத் இதை முன்பே சொன்னாள்.

"எங்கட வாப்பா ஊட்டுப் பொட்டில இந்தப் பாட்டு இப்புடியில்ல. இது வெரசா ஓடுது. அந்த ஆணியக் கொஞ்சம் தளத்திப் பாருங்களேன்."

"தொடாத! எனக்கு இந்தக் கொரல்தான் வேணும்."

அன்று பின்னேரமே அரக்கை உருக்கி ஊற்றினார்.*

(*ஒரு மனிதன் தன் காதுக்கே பூட்டுப் போடுவானா என்று ஒரு நண்பர் கேட்டார். நான் போட்டிருக்கிறேன். ஒருமுறை என் தங்கை என்னிடம் வந்து— வேண்டாம், அது வேறு கதை.)

4

திரை விலகியது. கிழவர் கதிரையில் உட்கார்ந்து, ஆர்மோனியத்தை இழுத்து, ஸெய்னுலாப்தீனுக்குத் தட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கப்பல் பாட்டைத் தொடங்கினார். கனத்த குரல். ஆறுதலாக, அவசரமில்லாமல் வந்த குரல். ஸெய்னுலாப்தீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவரில்லை. இது வேறு யாரோ. கை தானாகத் தொப்பிக்குப் போனது. மேடை ஓரத்தில் தியாகராஜா திரைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

மூன்றாவது சரணம் முடிந்தது. கப்பல் கடலில் மறைந்துவிட்டது, பெண் கரையில் தனியே நிற்கிறாள். தட்டு முடியும் இடம் இதுதான். பாவலர் தன் பெயரைச் சொல்ல, முள் கரகரக்கும். தட்டைக் கேட்டுப் பாடம் பண்ணிய எந்தக் கள்ளனும் இங்கேதான் நிறுத்துவான்.

கிழவர் நிறுத்தவில்லை. நாலாவது சரணத்தில் கப்பல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருடமாக அந்தக் கப்பல் வராது என்றே நம்பி அழுதவர் ஸெய்னுலாப்தீன். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. றம்லத்தான் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் தளர்த்தச் சொன்ன ஆணியும் நினைவுக்கு வந்தது. இவர்தான் பாவலர் என்றால், தான் உயிரையே வைத்திருந்த அந்தக் குரல் உலகத்தில் எவருடையதும் இல்லை. இத்தனை காலமும் அவர் நேசித்தது ஒரு திருகாணியை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் கையை இறக்கி, கண்ணீரோடு கேட்டு, வீட்டுக்குப் போய் அரக்கைச் சுரண்டுகிறார். எனக்கும் பிடித்த முடிவுதான். ஆனால் திகனயில் நான் பார்த்தபோது அந்த அரக்கு சுரண்டப்படாமல் அப்படியே இருந்ததே!

இரண்டாவதில் தொப்பி கழல்கிறது, திரை விழுகிறது, கதிரைகள் உருள்கின்றன. கிழவர் "நான்தானய்யா..." என்று தொடங்கும் இடத்தில் எழுத முடியாமல் எழுந்துவிட்டேன். மூன்றாவதில்—

இல்லை, என்னால் ஆகாது.

கை இன்னும் தொப்பியில்தான் இருக்கிறது. தியாகராஜா அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பல் கரைசேரப் பாட்டில் இன்னும் இரண்டே அடி. இனி அந்தக் கை உங்களுடையது. சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். பாவலர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது.