இன்னும் கிட்டக்கக் காட்டுங்க

என் சாவிக் கடைக்குக் கூட்டம் வந்தது மச்சினனால்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவன், நான் சாவி வெட்டுவதைக் கைப்பேசியில் பிடித்துப் போட ஆரம்பித்த பிறகுதான், ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்குச் சாப்பிட நேரமில்லாமல் போயிற்று. வேலை நடக்கிற இடத்தைக் காட்ட வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், கமெண்ட் போட்டவர்களுக்கு உடனே பதில் போட வேண்டும் என்று அவனுக்கு ஆயிரம் சட்டம்.

ஒருவன் மட்டும் எனக்கு உறுத்தினான். முகப்படம் கிடையாது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். எந்த வீடியோ போட்டாலும், "இன்னும் கிட்டக்கக் காட்டுங்க" என்பான். மச்சினனும் அவனுக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு, அடுத்த தடவை சாவியைக் கேமரா மூக்கிலேயே கொண்டுபோய் வைப்பான். தொழில் கற்றுக்கொள்கிறவனாம். கற்றுக்கொள்கிறவன் என் கையையல்லவா பார்க்க வேண்டும்? இவனுக்குச் சாவியின் பல் மட்டும் எதற்கு?

வீட்டில் சொன்னேன். எனக்கு யார்மேல்தான் சந்தேகம் இல்லை என்று மனைவி தம்பி பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அதிகம் பேர் பார்த்தது நர்ஸம்மா வீட்டு வீடியோ. தனியாக இருக்கிறவர், பாதி நாள் ராத்திரி டியூட்டி. முதலில் அவர் சாவி, பல்லெல்லாம் பளிச்சென்று. அடுத்து அவர் வீட்டு நீலக் கதவை நான் அதைப் போட்டுத் திறப்பது, கதவு எண்ணோடு. அதில் கேனையன் மாதிரி இளித்துக்கொண்டு நிற்பதும் நான்தான். அதை மறுபடி பார்த்த அன்றே, இதை வைத்துச் சாவி வெட்ட முடியுமா என்று பார்த்துவிட முடிவு செய்தேன்.

மச்சினனைப் பக்கத்தில் நிற்க வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு சாவி வெட்டினேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் கண்ணெதிரே போட்டுப் பார்த்தேன். கதவு திறந்தது. மச்சினன் பேயறைந்த மாதிரி ஆனான். நர்ஸம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கே அதே கம்பெனிப் பூட்டு புதிதாக ஒன்று என் செலவில் மாட்டினேன். பழைய சாவி உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது என்று அவருக்குக் காட்டிவிட்டு வந்தேன். வீடியோவையும் அழித்தோம்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பூட்டு தண்டம் என்று மனைவி முணுமுணுத்தாள். மச்சினனுக்கும் பழைய வாய் திரும்பியது. என் சந்தேகப் புத்தியால்தான் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்களாம். அவசரப்பட்டுவிட்டேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்படி ஒருநாள் கடையில் அவன் என்னைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அதைப் படித்தவன், பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அந்த எண்காரன்தான்.

"அண்ணே, அந்த நீலக் கதவு வீடியோவத் தூக்கிட்டீங்களே, திரும்பப் போடுங்க. அதப் பாத்து வெட்டின சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது."

எவன் கேட்டாலும் உடனே பதில் போடுகிற மச்சினன் என் முகத்தையே பார்த்தான்.

"என்ன மாமா போடறது?"

நான் ஷட்டரை இறக்கிவிட்டு, அவனையும் கைப்பேசியையும் இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.